சாப்ட்டியா கண்ணு

கனடா குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தது. கல்யாண மேடையில் திருமூர்த்தியோடு ஒரு சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண் யார்?

அந்தப் பெண் அவனுடைய அக்கா அன்புசெல்வி. கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் சகோதரி மணப்பெண்ணைப் போலவே சிங்காரித்துக்கொண்டு அவனருகில் நிற்பாள். அவன் ஊரான பெருமாநல்லூரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். திருப்பூர் ராயபுரத்தில் விசா ஆபீஸ் நடத்தி, அவன் விண்ணப்பத்தைத் தயார் செய்த ஜோதிகாவுக்குத் தெரியாது, அவள் சாத்தூர்க்காரி.

"நீங்க சிரிச்சிருந்தது அந்த ஒரு போட்டோலதான் சார். அதான் முதல் பக்கத்துல வச்சேன்" என்றாள்.

அதுவும் உண்மைதான். அக்காவோடு சிரித்த மனிதன், கீதாஞ்சலி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ரேஷன் கார்டுக்குப் படம் எடுப்பவனைப் போல விறைத்துவிட்டான். இவ்வளவு நல்ல பெண் தனக்கா என்ற பயம்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஆயிரம் பீஸ் துணியை அசராமல் வெட்டுவான். அன்றைக்குத் தாலியில் ஒரு முடிச்சுப் போடவே தடுமாறினான்.

கீதாஞ்சலி டொராண்டோவில் நர்ஸ். லீவில் வந்து கல்யாணம் முடித்து, லீவு தீர்ந்ததும் போய்விட்டாள். இப்போது கணவனை நிரந்தரமாக அங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருக்கிறாள். டூட்டி முடிந்து பனியில் நடந்து வருகிறவளுக்குக் கதவைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தானாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர திருமூர்த்திக்குக் கனடாவில் வேறு வேலை எதுவும் இல்லை.

அக்கா படத்தை எடுத்துவிட்டு, மனைவியோடு இருக்கும் படங்களை அனுப்பினார்கள். இருவரும் முன்பின் தெரியாதவர்கள் போல இருக்கிறார்கள், என்ன பேசிக்கொள்வீர்கள் என்று காட்டுங்கள் எனப் பதில் வந்தது.

ஜோதிகா அவன் போனை வாங்கி வாட்ஸ்அப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சாப்ட்டியா கண்ணு. சாப்ட்டனுங்க, நீங்க? ஆச்சு. அதற்கு முந்தின நாளும் அதேதான். அதற்கும் முந்தின நாளும்.

"மெஸ்காரரு கஸ்டமர்ட்ட பேசுற மாதிரி இருக்கு சார். இத அனுப்புனா கதை முடிஞ்சது."

திருமூர்த்திக்குச் சுருக்கென்றது. கீதாஞ்சலியின் அப்பா இறந்த அன்று அவளால் ஊருக்கு வர முடியவில்லை. அன்றும் அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை; சாப்ட்டியா கண்ணு என்றுதான் கேட்டான். அவள் அழுது முடித்து, ஒரு வாய் தயிர்சோறு தின்றாள். இதையெல்லாம் எந்தப் பக்கத்தில் ஒட்டி அனுப்புவது?

அன்றிலிருந்து அவன் போனில் ஜோதிகாவே தட்ட ஆரம்பித்தாள். 'என் உயிரே, உன் விழிகள் இல்லாத இரவு எனக்கு நெருப்பு.' கீதாஞ்சலி பதில் போட்டாள்: 'போன் யாருகிட்ட இருக்குதுங்க?' மறுநாள் நெருப்போடு நிலாவும் சேர்ந்தது. அதற்கடுத்த நாள் கீதாஞ்சலி அவன் நம்பரையே பிளாக் செய்துவிட்டாள்.

சமாதானம் செய்ய அக்காவைப் பேசச் சொன்னான். அன்புசெல்விக்கு மறைத்துப் பேச வராது. அவன் தினமும் ஜோதிகா கூடத்தான் இருக்கிறான், அவள்தான் எல்லாம் எழுதிக் கொடுக்கிறாள் என்று நல்ல மனதோடு சொல்லி வைத்தாள். அக்கா நம்பரும் பிளாக் ஆனது. இதற்குள் ஜோதிகா நெருப்பையும் நிலாவையும் கனடா அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டிருந்தாள். நேர்காணலுக்கு நாள் குறித்து வந்தது.

ஜோதிகா ஆபீஸிலேயே வீடியோவில் நேர்காணல். திரையில் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரியம்மா. இன்னொரு கட்டத்தில் மொழிபெயர்க்கும் ஆரோக்கியராஜ், கோபிச்செட்டிபாளையத்துக்காரர்.

முதல் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்கள்."

ஜோதிகா சொல்லிக்கொடுத்த கேள்விகளில் இது இல்லை. "இல்லீங்க" என்றான். கீதாஞ்சலி பேசாமல் போனதிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. அந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டார்.

பிறகு நெருப்புக்கு வந்தார்கள். ஆரோக்கியராஜ் கூச்சத்தோடு வாசித்து, இதை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து ஜோதிகா தலையை ஆட்டு ஆட்டு என்று ஜாடை காட்டினாள்.

திருமூர்த்திக்குக் காது சுட்டது. விசா போனால் போகட்டும், அவளிடம் சொல்லாததை அவளிடம் சொன்னதாக எப்படிச் சொல்வது?

"நான் எழுதலீங்க. எனக்கு அப்படியெல்லாம் வராதுங்க. சாப்ட்டியான்னுதான் கேப்பனுங்க. அவ சாப்ட்டேன்னு சொன்னாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

ஜோதிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதிகாரியம்மா ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாம் முடிந்தது என்று திருமூர்த்தி எழுந்துவிட்டான்.

ஆரோக்கியராஜ் ஆபீஸ் தமிழைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"உக்காருங்க. 'இதை எழுதுனது எங்க ஊட்டுக்காரரே இல்லீங்க, அவரு சாப்ட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க'ன்னு நேத்து நேர்காணல்ல உங்க சம்சாரம் அழுதப்பவே மேடம் ஓகே போட்டுட்டாங்க. இன்னிக்கு உங்களைக் கூப்பிட்டதே அந்த மொதக் கேள்விக்குத்தானுங்க."