தொட்டில் முதல் தொட்டி வரை

நான் ஒரு நடுநிலையாளன். அப்படி இருப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் என் மேஜைமேல் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒன்று செடியிலிருந்து வந்திருக்கும். இன்னொன்று பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வந்திருக்கும். இரண்டு டம்ளர், இரண்டு பை, இரண்டு மூடி என்று ஜோடி ஜோடியாக வரும். எது உலகத்துக்குக் குறைவாகக் கெடுதல் செய்கிறது என்று நான் சொல்ல வேண்டும். பிறந்த இடத்திலிருந்து குப்பைத்தொட்டிக்குப் போகிறவரை முழு ஆயுளையும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். 'தொட்டில் முதல் தொட்டி வரை' என்று நாங்கள் எங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

இந்த வேலைக்குக் கொஞ்சம் கனவு காணத் தெரிய வேண்டும். ஒரு டம்ளரைப் பார்த்தால் அதற்குப் பின்னால் இருக்கும் வயல் தெரிய வேண்டும். வயலுக்குப் பின்னால் இருக்கும் மழை தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். எனக்கு அது ஒன்றுதான் தெரியும் என்பது என் மனைவியின் கட்சி.

நான் கனவு காண்பதற்கென்று வீட்டில் ஓர் இடம் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் சாய்வு நாற்காலி. ஒரு காலத்தில் நீலமாக இருந்தது. வெயிலைக் குடித்துக் குடித்து இப்போது பெயரில்லாத ஒரு நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு கையில் விரிசல். ஆனால் முதுகு இருக்கிறதே, எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. சாய்ந்தால் எதிர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி தெரியும். தொட்டிக்கு மேலே இரண்டு புறா. புறாவுக்கு மேலே மேகம். மேகத்துக்கு மேலே நான். சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் இறங்கி வருவேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குளித்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மேகத்துக்குக் கிளம்பும் உத்தேசத்தோடு கூடத்துக்கு வந்தேன். ஜன்னல் ஓரத்தில் புத்தம் புதிய பிரம்பு நாற்காலி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"என்ன இது?"

"நாற்காலி."

"அது தெரியுது. என் நாற்காலி ஏன் வாசல்ல நிக்குது?"

"நிக்கலை. கிளம்புது."

"எங்கே?"

"குப்பை வண்டிக்கு. நீங்கதானே தினமும் சொல்றீங்க? செடியில வர்றது மறுபடி மறுபடி முளைக்கும், எண்ணெய் எடுத்தா தீர்ந்துபோகும்னு. இது பிரம்பு. காட்டுல மறுபடி முளைக்கும். அது பூமியைத் தோண்டி எடுத்தது. பாவப்பட்ட பிறவி. போகட்டும் விடுங்க."

அந்த நாற்காலி போனால் வீட்டில் உட்கார எத்தனையோ இடம் உண்டு. எனக்கென்று இருப்பதற்கு வேறு இடம் கிடையாது. அந்தக் கணமே ஒரு முடிவுக்கு வந்தேன். ஊரில் உள்ள டம்ளருக்கெல்லாம் நியாயம் வழங்குகிறவன், சொந்த நாற்காலிக்கு வழங்காவிட்டால் எப்படி? இன்று இந்த வீட்டில் நியாயம் நிலைநாட்டப்படும்!

"இந்தா பாரு. செடின்னா நல்லது, எண்ணெய்ன்னா கெட்டதுன்னு எடுத்த எடுப்பில சொல்லிடக் கூடாது. ரெண்டையும் நியாயமா ஒப்பிடணும்."

"ஒப்பிடுங்க. யாரு வேண்டாம்னா?"

இத்தனை சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

"முதல்ல எல்லை வகுக்கணும்."

"யாராவது படையெடுத்து வர்றாங்களா?"

"கணக்கோட எல்லை! ஒண்ணுக்குக் காட்டிலேர்ந்து கணக்கு, இன்னொண்ணுக்குக் கடையிலேர்ந்து கணக்குன்னு போட்டா மோசடி. எது உள்ளே, எது வெளியேன்னு ரெண்டுக்கும் ஒரே கோடு."

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கைப்பையைத் திறந்து ஒரு சாக்பீஸை நீட்டினாள். பழைய நாற்காலியை வாசலிலிருந்து மீட்டு வந்தேன். ஜன்னலோரமாக இரண்டையும் நெருக்கி நிறுத்தி, சுற்றிலும் வட்டம் போட்டேன். கோடு கொஞ்சம் கோணலாக வந்தது. அவள் பக்கத்தில் வந்து காலால் ஓர் இடத்தை அழித்து, சாக்பீஸை வாங்கிச் சரிசெய்தாள்.

"அடுத்து அலகு."

"புறா மூக்கா?"

"அளக்கிற அலகு! ரெண்டு பொருளும் ஒரே வேலையைச் செஞ்சாத்தான் ஒப்பிட முடியும். அது என்ன வேலைன்னு முதல்ல பேசி வச்சுக்கணும். ஒரு ஆள் ஒரு மணி நேரம் உட்கார்றது. அதுதான் அலகு."

"நீங்க அதுல உட்கார்றீங்களா?"

"பின்னே நிக்கிறேனா?"

"உடம்பு உட்கார்ந்திருக்கும். ஆள் இருக்க மாட்டீங்க. வெறுமனே உட்கார்றதுக்கு ஸ்டூல் போதுமே. அந்த நாற்காலி பண்ற வேலை கனவு. ஒரு கனவுக்கு எவ்வளவு கெடுதல்னு கணக்குப் போடுங்க."

நான் நெகிழ்ந்துபோனேன். எங்கள் அலுவலகத்துக்கு வரும் பெரிய பெரிய கம்பெனிக்காரர்களுக்குக்கூடத் தங்கள் பொருள் என்ன வேலை செய்கிறது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரியாது.

"இன்னொரு விதி இருக்கு. ஒப்பிட்டு முடிவு சொல்றப்போ சம்பந்தமில்லாத வெளியாள் ஒருத்தர் சரிபார்க்கணும்."

"எதிர் வீட்டு அண்ணனைக் கூப்பிடுங்க" என்றாள்.

எதிர் வீட்டில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் இருக்கிறார். வேலையும் கடையும் வீடும் அவருக்கு ஒரே அறைதான். மனதுக்குள் குதித்தேன். அவர் என் கட்சி. தினமும் சாயங்காலம் என் நாற்காலியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர். கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியோடேயே வந்து சேர்ந்தார்.

"நான் என்ன சார் பண்ணணும்?"

"நடுநிலையா இருக்கணும்."

"உட்கார்ந்துக்கிட்டு இருக்கலாமா?"

"தாராளமா" என்று என் மனைவி பிரம்பு நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு என் பழைய நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஆரம்பித்தேன்.

"முதல்ல பிரம்போட தொட்டிலுக்குப் போவோம்."

போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. பெரிய மரங்களுக்கு நடுவே இருட்டில் ஒரு கொடி, தன் முள்ளால் மரத்தைப் பற்றிப் பற்றி வெளிச்சத்தைத் தேடி ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இலையும் காற்றைக் குடித்தது. அந்தக் காட்டில் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

"வளர்றப்போ காத்துலேர்ந்து கார்பனைக் குடிக்குது. அது பெரிய புண்ணியம். ஆனா என்னைக்காவது மக்கும்போதோ எரியும்போதோ குடிச்சதைக் காத்துக்கே திருப்பிக் குடுத்துடும். குடிச்சதைக் கணக்குல சேர்த்துட்டு, குடுத்ததை மறைச்சா கள்ளக்கணக்கு. வெட்டினது, லாரியில வந்தது, நெருப்புல வாட்டி வளைச்சது, எல்லாம் சேரும்."

"சேரட்டும்" என்றது அவள் குரல், வெகு தூரத்திலிருந்து.

"இப்போ பிளாஸ்டிக்கோட தொட்டில்."

அங்கே ஒரு கடல் இருந்தது. பெயர் வைக்க ஆளில்லாத காலத்துக் கடல். வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடி கோடியாக வெயிலைத் தின்று வாழ்ந்தன. பிறகு செத்து, சல்லடையிலிருந்து மாவு விழுவதுபோல ஓசையில்லாமல் அடியில் இறங்கிக்கொண்டே இருந்தன. மேலே சேறு மூடியது. சேற்றுக்கு மேல் சேறு. அந்தப் பழைய வெயில் இருட்டில் எண்ணெயாகத் தூங்கிப்போனது. அதை எழுப்பி, உருக்கி, கால் வைத்து, கை வைத்து, என் ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இத்தனை வருடமும் நான் ஒரு கடலின் மடியில் அல்லவா சாய்ந்திருந்தேன்!

"தோண்டினது தப்புதான்" என்றேன். "நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா தோண்டியாச்சு, செஞ்சாச்சு. அந்தக் கெடுதல் முழுக்க இது காட்டுற கனவு மேலதான் பங்கு போகும். இன்னும் உழைக்கிற பொருளைப் பாதியில தூக்கிப் போட்டா, கனவு கம்மி, ஒரு கனவோட பங்கு ஜாஸ்தி. உழைக்க உழைக்கப் பங்கு குறையும். அதனால என் கட்சிக்காரரைத் தூக்கிப் போடவே கூடாது!"

கண்ணைத் திறந்தேன். என் மனைவி கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம். தூக்கிப் போடக் கூடாது. நான் ஒத்துக்கிறேன்."

ஜெயித்துவிட்டேன்! கல்யாணமான நாளிலிருந்து முதல் வெற்றி. சாட்சிக்காகக் கடிகாரக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பிரம்பு நாற்காலியில் வாயைப் பிளந்து, லேசாகச் சிரித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன கனவு?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

அவர் விழித்து, ஒரு கண்ணால் எங்களைப் பார்த்தார். "உலகத்துல எல்லாக் கடிகாரமும் சரியா ஓடிச்சு டீச்சரம்மா. எனக்கு வேலையே இல்லை."

"பாருங்க, வந்த முதல் நாளே புது நாற்காலி ஒரு அலகு குடுத்துடுச்சு. வெளியாளே சரிபார்த்தாச்சு."

"இவர் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவார்! என் நாற்காலி எத்தனை வருஷமாக் கனவு காட்டுது? அதோட அனுபவம் என்ன, இதோட அனுபவம் என்ன?"

"அதேதான் நானும் சொல்ல வந்தேன். போன வாரம் நான் துணி மடிக்கிறப்போ ஒண்ணு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அலுவலகத்தில் அன்று எனக்குப் பாராட்டுக் கிடைத்திருந்தது. செடியிலிருந்து செய்த புதிய பிளாஸ்டிக் ஒன்று வந்திருந்தது. இன்னும் சின்னப் பானையில் தட்டுத்தடுமாறிச் செய்து பார்க்கிற நிலை. எண்ணெய்ப் பிளாஸ்டிக்கோ பெரிய ஆலைகளில் கை பழகித் தேர்ந்தது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் நிறுத்தினால் அநியாயம், புதியதும் அதே அளவு பழகிய பிறகு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்கவும் செய்தேன். புது மருமகளின் முதல் வாரச் சமையலை மாமியாரின் கைப்பக்குவத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்டேன். அவள் "ம்" என்றாள். கவனிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன்.

"அதைக் கேட்டப்போ, நம்ம வீட்டுலகூட அப்படி ஒரு ஒப்பீடு நடந்துச்சேன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடிகாரக்காரர் என்னைப் பார்த்தார்.

"போகட்டும். பிரம்புக்கும் பழக வாய்ப்புக் குடுக்கணும். பிளாஸ்டிக் உங்க முதுகுக்கு எத்தனை வருஷம் பழகிச்சோ, அத்தனை வருஷம் நீங்க பிரம்புல உட்காரணும். அதுக்கப்புறம் ஒப்பிடுங்க. சரிதானே அண்ணே?"

"நியாயம்தான் சார்" என்றது என் கட்சி.

"அதுவரைக்கும் என் நாற்காலி?"

"சும்மா வச்சா பங்கு ஏறிடுமே! உழைக்க உழைக்கத்தானே குறையும்? யாராவது அதுல கனவு கண்டுக்கிட்டே இருக்கணும்."

"யாரு?"

அவள் சாக்பீஸ் வட்டத்துக்குள் காலை வைத்தாள். போய் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெல்லச் சாய்ந்தாள். கால்களை நீட்டினாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

"நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னாடி நிக்கிறேன்" என்றாள். "வீட்டுக்கு வந்தா அடுப்புக்கு முன்னாடி. இந்த ஜன்னலுக்கு வெளியே என்னதான் இருக்குன்னு இன்னைக்குத்தான் பார்க்கிறேன். அட, தொட்டி மேல புறா!"

"ரெண்டு இருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இத்தனை வருடமும் இவளுக்கும் ஒரு மேகம் தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டம்ளருக்குப் பின்னால் மழையைப் பார்த்தவன், சாப்பிடக் கூப்பிட்ட குரலுக்குப் பின்னால் எதையும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதே சமயம் நாற்காலி போனதும் உறுத்தியது. திடீரென்று ஒரு சந்தேகம்.

"அப்போ குப்பை வண்டி?"

"ஞாயித்துக்கிழமை எந்த ஊர்லங்க குப்பை வண்டி வருது?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் எங்கே உட்கார்றது?"

"எல்லைக்கு வெளியே எங்கே வேணும்னாலும்."

குனிந்து பார்த்தேன். அவள் காலால் அழித்துச் சரிசெய்த இடத்தில் கோடு நன்றாகவே உள்வாங்கியிருந்தது. வட்டத்துக்குள் ஒரு நாற்காலிதான் அடங்கும். பிரம்பு நாற்காலியின் கால்கள் நான்கும் வெளியே நின்றன. கூடத்தில் வேறு இடமில்லை. கடிகாரக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, சமையலறைக்குத் தூக்கிப் போனோம். பழகாத முதுகோடு அதில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு கூடை வெங்காயம்.

"ஏங்க" என்று மேகத்துக்கு மேலிருந்து குரல் வந்தது. "சும்மா உட்கார்ந்தா அதுக்கும் பங்கு ஏறும். அப்படியே அந்த வெங்காயத்தை உரிச்சுடுங்களேன்."

மூன்றாவது குரல்வரை காத்திருக்கலாமா என்று யோசித்தேன். கத்தியை எடுத்துக்கொண்டேன்.

கடிகாரக்காரர் கிளம்பும்போது வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "ஒரே ஒரு சந்தேகம் டீச்சரம்மா. கடைசியில எது மக்கும், எது மக்காதுன்னு சொல்லவே இல்லையே?"

"மக்காதது என்கிட்ட இருக்கு அண்ணே" என்றாள் என் மனைவி, பாதித் தூக்கத்தில்.

மக்கு, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.