வாழ்த்து வாங்கியே கரையேறியவர்

காரியத்தைச் செய்துவிட்டு வாழ்த்து வாங்குகிறவர்கள் ஒரு வகை. வாழ்த்தை வாங்கிக்கொண்டு, அந்த வெட்கத்துக்காவது காரியத்தைச் செய்கிறவர்கள் இன்னொரு வகை. வாழ்த்துதான் கிடைத்துவிட்டதே, இனிக் காரியம் எதற்கு என்று சாய்ந்துகொள்கிற மூன்றாவது இனமும் உண்டு. அழிந்துவரும் உயிரினங்களைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். பெருகிவரும் இந்த உயிரினத்தைப் பற்றித்தான் ஒருவரும் கவலைப்படுவதில்லை.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பார். நான் சொல்லப்போகிறவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், உடைந்த கார்களுக்கும் எரிந்த கிடங்குகளுக்கும் இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களைச் சரிபார்க்கிறவர். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ ஒன்று. அலுவலகம் வைத்த பெயர் லட்சியம். "என்ன லட்சியம், இந்த மாசம் என்ன?" என்று யாராவது சீண்டினால் கோபித்துக்கொள்ள மாட்டார். யாரும் சீண்டவில்லையே என்றுதான் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் காத்திருப்பார்.

அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் அவர் புதிதாக ஒரு மொழி கற்கப்போவதாக அறிவித்தார், கைதட்டினார்கள். சர்க்கரையை அறவே விடப்போவதாக அறிவித்தார். அந்த மன உறுதியை மெச்சி எதிர்மேசைக்காரர் கேக் வாங்கிக்கொடுக்க, மறுக்க மனமில்லாமல் இரண்டாவது துண்டையும் சாப்பிட்டார். கிதார், மாடித் தோட்டம், விடியற்காலை எழுவது, கோபத்தைக் குறைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் கல்யாணக் களைதான். கோபத்தைக் குறைக்கும் திட்டத்தை மனைவி நினைவுபடுத்தியபோது மட்டும் கொஞ்சம் கத்தினார். மறுநாள் என்ன ஆயிற்று? மறுநாளைப் பற்றி யார் கேட்டார்கள்?

அவரைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். சோம்பேறிக்கு இவ்வளவு உழைப்பு தாங்காது. அலுவலகத்தில் ஒருமுறை நடந்த பயிற்சி வகுப்பில், இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பெரிய இலக்கைச் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைக்க வேண்டும், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நம்மை நாமே பாராட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் தேநீரோடு மறந்துவிட்டார்கள். இவருக்குப் பசுமரத்தாணிபோல் பதிந்துவிட்டது. குறிப்பாகக் கடைசி வாக்கியம்.

வினை இப்படி வந்து சேர்ந்தது. அவருடைய மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் அவள் வகுப்புக்கு நீச்சல் ஆரம்பித்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் குளத்தில் கூத்தடிக்க, இவள் துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் என்றால் அப்படி ஒரு பயம். விடுமுறைக்குப் பிறகும் இறங்காவிட்டால் சின்னப் பிள்ளைகளின் வகுப்போடு சேர்த்துவிடுவோம் என்று ஆசிரியை சொல்லி அனுப்ப, குழந்தை சாப்பிடாமல் தேம்பிக்கொண்டிருந்தாள். லட்சியம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"அப்பாவுக்கும் நீச்சல் தெரியாதும்மா. லீவுல அப்பா முதல்ல கத்துக்கறேன். அப்புறம் தண்ணிக்குள்ள நின்னு உன்னைப் பிடிச்சுக்கறேன். சரியா?"

மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இது ஆபீஸ் இல்லங்க. குழந்தைகிட்ட சொல்றீங்க. அவ நம்பிடுவா."

"நம்பட்டுமே. நம்பிக்கைதான் முதல் படி."

குழந்தை நம்பினாள். அங்கேதான் வம்பு. அவர் அறிவித்ததைக் கேட்டுக் கைதட்டியவர்கள் ஏராளம். நம்பிக்கொண்டு உட்கார்ந்தவர் அதுவரை ஒருவரும் இல்லை.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. நீச்சல் கண்ணாடி வந்தது. தொப்பி வந்தது. மூக்கை அடைக்க ஒன்று, காதை அடைக்க ஒன்று. "வாயை அடைக்க ஒண்ணும் விக்கலையா?" என்று மனைவி கேட்டாள். அவர் காதில் அப்போது அடைப்பான் இருந்ததால் குடும்பம் தப்பியது. சோபாவின் கைப்பிடியில் குப்புறப் படுத்துக் காலை உதைத்துப் பார்த்ததில் மேசை விளக்கு உடைந்தது. அது ஒரு கட்டம். அன்று எல்லாருக்கும் ஐஸ்கிரீம். மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துத் தேறினார். அது ஒரு கட்டம். சாப்பாட்டு மேசையில் அதையே எதிர்மேசைக்காரருக்கு விளக்கினார். சிறு வயதிலிருந்தே நீந்துகிற அந்த மனிதர், "இவ்வளவு விஷயம் இருக்கா இதுல?" என்று வாயைப் பிளந்தார். பாறையை உடைத்து ஜல்லியாக்கி, ஜல்லியை உடைத்து மணலாக்கி, அந்த மணலில் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிற கலை லட்சியத்துக்குக் கைவந்த கலை.

"அப்பா, எப்ப தண்ணில இறங்குவீங்க?" என்று குழந்தை கேட்பாள்.

"அது கடைசிக் கட்டம் செல்லம்."

விடுமுறையும் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. பள்ளி திறக்க ஒரு நாள் இருக்கும்போது மனைவி இருவரையும் பொது நீச்சல் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். உடைமாற்றும் அறையிலிருந்து லட்சியம் வெளியே வந்த கோலத்தைப் பார்த்து, நீந்திக்கொண்டிருந்தவர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். தலையில் தொப்பி, கண்ணில் கண்ணாடி, மூக்கில் கவ்வி. கடலுக்கடியில் முத்துக் குளிக்கப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார். வந்தவர் நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இறங்குங்க சார்," என்றாள் அங்கே நீச்சல் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர்.

"இன்னைக்கு முதல்ல கவனிக்கலாம்னு இருக்கேன். தண்ணியோட தன்மை தெரியணும் இல்ல?"

"தன்மை என்ன சார், ஈரமா இருக்கும்."

லட்சியம் சிரித்தார். நீரின் மிதப்பு விசையைப் பற்றி அவளிடம் சில சந்தேகங்கள் கேட்டார். அவள் பதில் சொன்னாள், இவர் திருத்தினார். குழந்தை குளத்தின் முதல் படியில், கணுக்கால் வரை நனைந்து, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள். பத்து விரலும் வெளுத்திருந்தன. கண் மட்டும் பெஞ்சின் மேலேயே இருந்தது.

"அப்பா."

"இதோ வந்துட்டேன்மா. இவங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு."

"அப்பா."

"ஒரு நிமிஷம். தொப்பி கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

குழந்தை கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "நீங்க வர வேணாம்ப்பா. நீங்க வருவீங்க வருவீங்கன்னு நிக்கும்போதுதான் ரொம்பப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டுப் பயிற்சியாளரின் பக்கம் கையை நீட்டினாள். பயிற்சியாளர் தண்ணீரில் இறங்கி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது படி. மூன்றாவது. இடுப்பு வரை தண்ணீர் வந்தபோது குழந்தை ஒருமுறை கத்தினாள். அப்புறம் முகத்தை முக்கினாள், இருமினாள், திரும்பவும் முக்கினாள். மாலை வெளிச்சம் சாய்வதற்குள் கம்பியை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் காலை உதைத்து மிதந்து வந்தாள். மனைவி கரையோரமாகக் கூடவே நடந்தாள்.

லட்சியம் பெஞ்சைவிட்டு எழவில்லை. தண்ணீரையே தொடாத அவருடைய நீச்சல் கண்ணாடிக்குள் எப்படித் தண்ணீர் புகுந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. கழற்றித் துடைத்தார். துடைத்ததோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் டப்பாவைத் திறக்காமல் அறிவித்தார்: "பொண்ணு நீந்திட்டா."

"அடடே, லட்சியம்! சாதிச்சுட்டீங்களே," என்றார் எதிர்மேசைக்காரர். "நீங்களும் கூட இறங்கினீங்களா?"

"இறங்கியிருந்தா கெட்டுப்போயிருக்கும். என் இலக்கே அவ தனியா இறங்கணும்கறதுதான். பிள்ளைங்களை விட்டுப் பிடிக்கணும்."

"எப்பேர்ப்பட்ட அப்பா!" என்று எதிர்மேசைக்காரர் மூக்கை உறிஞ்சினார். அன்றைக்கும் கேக் வந்தது. அம்பு போய்க் குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போடத் தெரிந்தவனுக்குக் குறி தப்புவதே இல்லை.

அந்தத் தெம்போடு வீட்டுக்கு வந்தவர், சாப்பிடும்போது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அடுத்தது சைக்கிள்! அப்பா உனக்குச் சைக்கிள் சொல்லித்தரப்போறேன். இந்த ஞாயித்துக்கிழமையே ஆரம்பம்."

குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். ஞாயிறு காலையா, மாலையா, எந்தத் தெருவில் என்றெல்லாம் கேட்கவில்லை.

"வாழ்த்துகள்ப்பா," என்றாள். சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. நின்றவருக்கு எப்போது உட்காருவது என்று தெரியவில்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டுதான் படித்திருப்பீர்கள். உங்கள் அலுவலகத்து லட்சியத்துக்கு இதை அனுப்பிவைக்கலாம் என்றும் யோசித்திருப்பீர்கள். அனுப்புங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் போன மாதம் நீங்கள் யாரிடமோ பெருமையாகச் சொன்னீர்களே ஒரு காரியம், அது இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அதை நம்பிக்கொண்டு எந்தப் படியிலாவது யாராவது நிற்கிறார்களா? "சரியாப் போச்சு, நாளையிலிருந்து நான் திருந்திவிடப்போகிறேன்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல இந்நேரம் நாக்கு துறுதுறுக்கிறதா?

தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவர் வாழ்த்திவிடுவார்.