டுபாக்கூர் வேட்டி

எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தேன் வாங்கினால் தண்ணீரில் விட்டுப் பார்ப்பேன். ஜோசியரிடமே அவர் ஜாதகத்தைக் கேட்டவன் நான். எதற்கும் என் வாயில் வரும் தீர்ப்பு ஒன்றுதான்: டுபாக்கூர். போலி, பித்தலாட்டம், ஊரை ஏய்க்கிற ஆள், எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்குள் அடக்கம். (இப்போது பிள்ளைகள் 'ஃபேக்' என்கிறார்கள். அதில் காரமே இல்லை.) வெள்ளைக்காரன் காலத்தில் மொழிபெயர்த்துச் சொன்ன துபாஷிகள் இரண்டு பக்கமும் கதை விட்டதால் பிறந்த வார்த்தை என்பார் என் சித்தப்பா. அந்த விளக்கமே டுபாக்கூரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முள்ளிப்பட்டில் எனக்கு நிச்சயதார்த்தம். பெண் பெயர் செல்வி. அவள் அப்பா தறி நெய்பவர். ஒரு பட்டு வேட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"நானே நெஞ்சது மாப்ள. சுத்தப் பட்டு."

கேட்காமலே ஒருவர் 'சுத்தம்' என்றால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஆரணிக்காரனுக்குப் பட்டைச் சோதிக்கத் தெரியாதா? நூலைக் கொளுத்தினால் பட்டு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, குனியாமல், மடியில் விரலை விட்டு ஒரு நூலை உருவினேன். கை கழுவுகிற சாக்கில் தோட்டத்துப் பக்கம் போய்க் கொளுத்தினேன். உருண்டைதான் வந்தது.

திரும்பி வந்து அம்மா காதில், "டுபாக்கூரு வேட்டிமா" என்றேன். (என் ரகசியம் தெருமுனை வரை கேட்கும்.) கூடமே திரும்பிப் பார்த்தது. செல்வியின் அப்பா முகம் கறுத்துப்போனது.

"தட்ட எடுத்து உள்ள வைங்க. இந்தச் சம்மந்தம் வேணாம்."

செல்வியை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

அவள்தான் எழுந்தாள். "இருப்பா. வந்ததுலேர்ந்து இவரு முழியே சரியில்ல, அதான் நானும் பாத்துகினே இருந்தேன். நூல உன் வேட்டில புடுங்கல. அவரு கட்டிகினு இருக்கறதுல புடுங்கினாரு."

அசல் பட்டு என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வேட்டி அது. அவள் அப்பா எல்லோர் முன்னாலும் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு நூல் எடுத்துக் கொளுத்தினார். அவருடையது சாம்பல். என்னுடையது உருண்டை.

"இப்ப சொல்லுங்க மாப்ள. யாரு டுபாக்கூரு?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். "எம்புள்ளதாங்க."

முதலில் சிரித்தது செல்வி. அப்புறம் அவள் அப்பா. தட்டு மறுபடி வெளியே வந்தது.

போன மாதம் என் மகள், "டுபாக்கூர்னா இன்னாப்பா?" என்றாள். துபாஷியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் செல்வி என்னைக் கை காட்டிவிட்டாள்.

தீபாவளிக்குத் தீபாவளி மாமனார் வீட்டிலிருந்து வேட்டி வருகிறது. மேலே வெற்றிலை பாக்கு, அதற்கு மேல் ஒரு தீப்பெட்டி. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். தீப்பெட்டியை ஒருநாளும் தொட்டதில்லை.

(ஒரே ஒரு தடவை தவிர. சாம்பல்தான்.)