எர்த் சாரின் நாற்பதாவது வயல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எர்த் சாருடைய படிப்பு விவரம் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் பிறந்திருக்க வேண்டும்.

கீரனூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அவர் மின்னியல் பேராசிரியர். நான் அங்கே ஆங்கில வாத்தியார். பஸ்ஸில் கண்டக்டர் “எங்க சார் போகணும்?” என்று கேட்டால் போதும். “மொதல்ல டிப்ளமோ முடிச்சேங்க. வேலை பாத்துக்கிட்டே பி.ஈ. அப்புறம் எம்.ஈ. இப்ப பிஎச்.டி.” என்று ஆரம்பிப்பார். ஆராய்ச்சித் தலைப்புக்கு வருவதற்குள் இறங்க வேண்டிய ஸ்டாப் போயிருக்கும்.

தலைப்பு, மண்ணின் மின்தடை. மோட்டாரில் கரண்ட் கசிந்தால் அது ஆளை அடிக்காமல் மண்ணுக்குள் இறங்க வேண்டும், அதற்குத்தான் எர்த். எந்த மண் கரண்டைச் சுலபமாக உள்ளே விடும் என்று பார்க்க, நான்கு இரும்புக் கம்பிகளை வரிசையாக ஊன்றி மீட்டரைப் பார்ப்பார். என் கல்யாணத்துக்கு வந்தவர், தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துக்குப் பின்னால் கம்பி ஊன்றிக்கொண்டிருந்தார். குரூப் போட்டோவில் மீட்டரோடு நிற்கிறார்.

நாற்பது வயல்களில் அளந்தாக வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார். அந்த வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் பதிவே ரத்து. சாருக்கோ ஐம்பத்து மூன்று வயது. முப்பத்தொன்பது வயல் முடிந்திருந்தது. நாற்பதாவது, இலுப்பூருக்குப் பக்கத்தில் சின்னையா என்பவருடைய பாறை பூமி. என் பைக்கில்தான் போனோம்.

எங்கள் பக்கம் வயலில் ஒருவர் கம்பியும் மீட்டருமாக நின்றால், அவர் போர் போட நீரோட்டம் பார்க்க வந்தவர். வேறு யாராகவும் இருக்க முடியாது.

“தண்ணி எங்கிட்டு இருக்கு சார்?” என்றார் சின்னையா.

“அது எனக்குத் தெரியாதுங்க. நான் கரண்டுக்குப் பாக்குறேன்.”

“அப்பக் கம்பியப் புடுங்கிட்டுக் கெளம்புங்க.”

“அங்கிட்டுன்னு சும்மாக் கையக் காட்டுங்க சார்” என்று நான் அவர் காதைக் கடித்தேன்.

“மீட்டர் சொல்லாதத நான் எப்படிங்க சொல்றது?” என்றவர், சின்னையா பக்கம் திரும்பி டிப்ளமோவிலிருந்து ஆரம்பித்தார். எம்.ஈ. வரும்போதே சின்னையா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, “எங்க வேணா ஊண்டிக்கங்க சார், பேச்ச மட்டும் நிறுத்துங்க” என்றார்.

சார் செய்த ஒரே தப்பு, ஓர் இடத்தில் மீட்டரைப் பார்த்துச் சிரித்தது. சின்னையா அதே இடத்தில் போர் போட்டார். தண்ணீர் பீய்ச்சியடித்தது.

சாருடைய பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்குச் சின்னையா ஒரு வேன் நிறைய ஆட்களோடு, ரோஜா மாலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வெளியூர்த் தேர்வாளர், “இந்த ஆராய்ச்சியால ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்?” என்று கேட்டார்.

“தண்ணிங்க” என்றது கடைசி வரிசை.

“ஐயையோ, அது என் ஆராய்ச்சி இல்லைங்க” என்று சார் பதறினார். “பத்தடிக்குக் கீழ என் கம்பிக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி வந்தது அவரு அதிர்ஷ்டம்.”

தானாக வந்த புகழை இப்படியா தள்ளிவிடுவார்கள்? தேர்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். “ரிசல்ட்டக் கூட்டிச் சொல்லத் தெரியாத ஆளு. டாக்டராகிட்டீங்க, போங்க” என்றார்.

மாலை கழுத்தில் விழுந்ததும் சார் கேட்ட முதல் கேள்வி, “சின்னையா, மோட்டாருக்கு எர்த் போட்டீங்களா?”

“அது எதுக்கு சார்? நல்லாத்தான ஓடுது.”

சாருடைய முகம் செத்துப்போனது. “வீட்டுக்குப் போன் போட்டு யாரும் மோட்டாரத் தொட வேணாம்னு சொல்லுங்க” என்றவர், டாக்டர் பட்டத்துக்காக வெட்டின கேக்கை அப்படியே விட்டுவிட்டு என் பைக்கில் ஏறினார். இலுப்பூர் வரைக்கும் பிஎச்.டி. என்ற பேச்சே இல்லை. “ஈரக் கையோட யாரும் தொட்டுறக் கூடாதுங்க” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

போனதும் கடப்பாரையை வாங்கி அவரே குழி தோண்டினார். பக்கத்து வயல்காரர் எட்டிப் பார்த்தார். “மாலையும் கழுத்துமாக் குழி தோண்டுற இந்த சார் யாருங்க?”

சரி, இன்றைக்கு இருட்டிவிடும் என்று நான் தயாரானேன். சார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “வாத்தியாருங்க. எர்த் குழில ஊத்த ஒரு வாளி தண்ணி கொண்டாங்க” என்றார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பக்கத்து வயல்காரரை வரப்பில் உட்கார வைத்து, நானே ஆரம்பித்தேன்: “சார் மொதல்ல டிப்ளமோ முடிச்சாருங்க...”