கடல் எண்ணெய்க் காகிதமும் ஜோப் வீட்டுப் பெண்ணும்

எங்கள் வீட்டுச் சட்டியைச் சுரண்டித் தின்றே ஆளான ஜோப் குலத்தின் மூத்த வாரிசும், என் மனைவியின் அண்ணனும், ஸ்பெயின்காரர்களின் லாஸ் பல்மாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவருமான மதிப்பிற்குரிய மச்சான் அலியூ அவர்களுக்கு,

ஞாய் குலத்தில் பிறந்தும் உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு முப்பத்தோரு வருடமாகத் தாக்குப்பிடிக்கும் மத்தார் எழுதுவது. நான் சுகம், என் வலது முழங்கால் சுகமில்லை. நீங்களும் வீட்டம்மாவும் பிள்ளைகளும் நன்றாக இருக்கவும், உங்கள் பசி மட்டும் கொஞ்சம் அடங்கவும் வெள்ளிக்கிழமைதோறும் துஆ செய்கிறேன்.

செய்தி இதுதான்: உங்கள் தங்கை யாசின், எண்ணெய் அமைச்சரை நாடாளுமன்ற அவையிலேயே மடக்கிவிட்டாள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதம் என்றால் என்னை யாராலும் நிறுத்த முடியாது.

நம் கரைக்கு எதிரே கடலில் எண்ணெய் தோண்டுவதற்கு யாரோ ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்துவிட்டார்கள். யாருக்கு, என்ன நிபந்தனையில், அதற்காக அரசாங்கம் என்னென்ன செலவு செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆய்வுக் கப்பல் வந்த நாளிலிருந்து மீன் தூரமாகப் போய்விட்டது, நம் பெண்கள் மீனைப் புகையில் வாட்டும் கொட்டகைகளில் பாதி அடுப்பு பற்றவைக்கவே இல்லை. அந்தப் பெண்கள்தான் யாசினுக்கு ஓட்டுப் போட்டு அவைக்கு அனுப்பியவர்கள். அவர்கள் நடுவில் போய் நின்றுகொண்டு, "அந்த உரிமக் காகிதத்தை மழைக்கு முன்னால கொண்டுவந்து உங்களுக்கு வாசிச்சுக் காட்டுறேன். முடியலன்னா அடுத்த தடவை ஓட்டு கேட்டு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சொன்னால் செய்கிறவள் அவள். முதல் தடவை கேட்டபோது அது ரகசியம் என்றார் அமைச்சர். இரண்டாம் தடவை, அலமாரிச் சாவி வைத்திருக்கும் அதிகாரி ஹஜ்ஜுக்குப் போயிருக்கிறார் என்றார். மூன்றாம் தடவை போன செவ்வாய்க்கிழமை. மழைக்கு முன்னால் அவை கூடும் கடைசி நாளும் அதுவே.

நான் கஞ்சி போட்டு விறைத்த நீல அங்கியை மாட்டிக்கொண்டு, பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அங்கி விறைத்த விறைப்பில் எழுந்தால் உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. யாசின் எழுந்து வாயைத் திறக்கவும் நான் கை தட்டிவிட்டேன். தட்டக் கூடாதாம், சேவகர் வந்து முறைத்தார். அவள் கேள்வியின் எண்ணைச் சொன்னாள். அதற்கும் தட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் யாரென்று கேட்டதால், "என் பொண்டாட்டிங்க!" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, அவையே நிமிர்ந்து பார்த்தது. இரண்டு சேவகர்கள் என்னை அங்கியோடு அலுங்காமல் தூக்கி வெளியே வைத்தார்கள். இப்படியாக, என் வாழ்நாளின் மிகப் பெரிய காட்சியை வாசல் காவலாளி செர்னோவின் ரேடியோவில் கேட்டேன். நல்ல மனிதர், அத்தாயா டீ ஊற்றிக் கொடுத்தார்.

ஸ்பெயின்காரர்களோடு இருந்து இருந்து மறந்திருப்பீர்கள், அதனால் நினைவூட்டுகிறேன். ஞாயும் ஜோப்பும் கேலி உறவு. எவ்வளவு ஏசினாலும், அடிமை என்றே கூப்பிட்டாலும் சிரிக்க வேண்டும், கோபம் கூடாது. ஒருவர் அந்த உறவைச் சொல்லிக் கை நீட்டினால் மற்றவர் இல்லையென்று சொல்லவும் கூடாது. அமைச்சர் அமத் ஞாய் எங்கள் ஆள் அல்லவா, உரிமக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே, தப்பிக்க அந்த வழியைத்தான் பிடித்தார்.

"அவைத் தலைவரே, உறுப்பினர் ஜோப் வீட்டுப் பொண்ணு. ஜோப்புக்குக் கண்ணுல படுறதெல்லாம் தின்கிற பண்டம். எண்ணெய்ன்னதும் பாவம், மீன் பொரிக்கிற எண்ணெய்னு நெனச்சுட்டாங்க!"

அவை சிரித்தது. செர்னோவுக்குப் புரையேறியது. நானும் சிரித்துவிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். கேள்வி இத்தோடு செத்தது என்று நினைத்தேன்.

யாசின் குரல் வந்தது. "இப்ப பேசினது அமைச்சரா, ஞாயா? அதை மட்டும் பதிவு பண்ணிக்கிறேன்."

"ஞாய்தான், ஞாய்தான்!" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

"அப்ப நானும் ஜோப்பாவே கேக்கறேன். ஏ ஞாய், எங்க வீட்டு அடிமையே! உன் பையில இருக்கற அந்தக் காகிதத்தை எடுத்து உன் எஜமானி கையில குடு."

மச்சான், ரேடியோ வெடித்துவிடும் என்று பயந்தேன். ஆளுங்கட்சிக் கிழவர்கள்கூட மேசையைத் தட்டி "குடு! குடு!" என்று கத்துகிறார்கள். அமைச்சர், "இல்ல, அமைச்சர்ங்கிற முறையில..." என்று ஆரம்பித்தார். அவைத் தலைவர் இடைமறித்தார். "சட்டப்படி நீங்க குடுக்க வேண்டியதில்ல. ஆனா நாளைக்கு உங்க ஊருக்குப் போகணுமே, அதையும் யோசிச்சுக்குங்க."

கொடுத்தார். அறுபத்துநான்கு பக்கம்!

"ஒங்க ஞாய் குலத்து ஆளு தோத்துட்டாரே, வருத்தமில்லையா?" என்று கேட்டார் செர்னோ. எனக்கு வருத்தமா? அந்த வாசலிலேயே சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். எங்கே போனீங்க, ஏன் லேட்டு, யாரோட பேசுனீங்க என்று முப்பத்தோரு வருடமாக என்னைக் குடைந்து குடைந்து அவள் பழகிய பழக்கம் வீண் போகவில்லை. இந்த நாட்டுக்கு அப்படி ஒரு கேள்விக்காரியைத் தயார் செய்து கொடுத்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை கொட்டகையில் அந்தப் பெண்களுக்கு வரிவரியாக வாசித்துக் காட்டப்போகிறாள்.

உங்கள் கிரேன் நிமிர்ந்தே நிற்கட்டும், வீட்டில் அரிசி குறையாமல் இருக்கட்டும், பிள்ளைகள் அத்தையைப் போல வளரட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் எஜமான்,
மத்தார் ஞாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது யாசின் கூப்பிட்டாள். நாற்பத்தேழாம் பக்கம், மக்களிடம் கருத்துக் கேட்ட செலவு. ஓட்டலில் கூட்டம் நடந்ததாம், கரையோரப் பெரியவர்கள் உரிமத்துக்கு முழுச் சம்மதம் தெரிவித்தார்களாம். கீழே கையெழுத்துகள். முதல் கையெழுத்து என்னுடையது. மச்சான், சத்தியமாக அதைச் சாப்பாட்டு வரிசைக்கான தாள் என்றுதான் நினைத்தேன். முதலில் கையெழுத்துப் போட்டால் ஆட்டுக்கறி நிறைய கிடைக்கும் என்றார்கள். இந்தப் பக்கத்தையும் நாளைக்கு அவர்கள் முன்னால் வாசிப்பாளாம். "எல்லாத்தையும் வாசி யாசின், என் பேரை மட்டும் விட்டுடேன்" என்று கெஞ்சினேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"மூணு தடவையும் அமைச்சரும் இப்படித்தான் மறைக்கப் பாத்தாரு" என்றாள்.