தண்ணீர் குடிக்காதவன் கொலைகாரன்

வக்கீல் வேண்டாம், சாட்சி வேண்டாம், வாய்தா வேண்டாம். வாயும் அதற்குள் ஒரு நாக்கும் இருந்தால் போதும். இப்படி ஒரு நீதிமன்றம் எங்கள் அபூ ஷுஜைரா கிராமத்தில் நடந்தது. நீதிபதி, நெருப்பு. நெருப்பு பேசுவது ஷேக் சுவைலிம் ஒருவருக்குத்தான் கேட்கும். ஆகவே அவர் சொன்னதே தீர்ப்பு.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! இஸ்மாயிலியாவிலிருந்து வருவார்கள், ஸகாஸீக்கிலிருந்து வருவார்கள், கால்வாயைத் தாண்டி சினாய்ப் பக்கமிருந்தும் வருவார்கள். ஆட்டைத் தொலைத்தவன், பெண்டாட்டியைச் சந்தேகிப்பவன், கூட்டாளியிடம் ஏமாந்தவன், எல்லோரும் என் மினிபஸ்ஸில்தான் வந்து இறங்குவார்கள். உள்ளே இடமில்லாமல் கூரைமேல் ஏறியவர்களும் உண்டு. ஊரார் புத்தி போன போக்கில் என் வண்டிக்குப் புது டயர் வந்தது. பொய் சொல்வானேன்?

முறை இதுதான். காப்பிக்கொட்டை வறுக்கிற நீளக்காம்பு இரும்புக் கரண்டியை ஷேக் தணலில் புதைப்பார். அது பழுத்ததும் வெளியே எடுப்பார். குற்றம் சாட்டப்பட்டவன் தண்ணீர் குடித்துவிட்டு, "நான் செய்யவில்லை" என்று சொல்லி அதை நக்க வேண்டும். சற்று நேரம் கழித்து நாக்கை நீட்ட வேண்டும். கொப்புளம் இல்லையென்றால் உத்தமன். இருந்தால் குற்றவாளி. பொய் சொல்கிற நாக்கை மட்டுமே நெருப்பு தீண்டும் என்பது ஷேக்கின் அருள்வாக்கு. ரொட்டிக்கடை உம்மு பயூமிக்குத் தினமும் கை சுடுகிறதே, அந்தக் கை என்ன பொய் சொல்லிற்று என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அறிவு வந்துவிடும். அறிவு வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை பொழுது போகாதே!

யாருக்கு எத்தனை மிடறு தண்ணீர் என்பது ஷேக்கின் இஷ்டம். கனமான காணிக்கை வைத்தவனுக்குக் குவளை நிறைய. வெறுங்கையோடு வந்தவனுக்கு உதடு நனைய. இதை எல்லோரும் பார்த்தார்கள். பார்ப்பது வேறு, யோசிப்பது வேறு அல்லவா?

மூன்று வருடத்துக்கு முந்தைய ரமலான் மாதம். மாந்தோப்புக்காரர் முசல்லம் விடியற்காலையில் தன் வாய்க்கால் ஓரத்தில் மல்லாந்து செத்துக் கிடந்தார். வாட்டசாட்டமான ஆள். குளிப்பாட்டுவதற்காக உடலைப் புரட்டினார்கள். முதுகு முழுக்கக் கருநீலம்.

"என் அண்ணனை அடிச்சே கொன்னுட்டாங்கடா!" என்று அலறினான் தம்பி ஃபராஜ்.

பக்கத்துத் தோப்புக் குத்தகைக்காரன் அத்வா, முந்தின நாள் தண்ணீர்முறைச் சண்டையில், "நீ செத்தாத்தான்யா என் மரத்துக்குத் தண்ணி வரும்!" என்று கத்தியதை ஊரே கேட்டிருந்தது. போதாதா? போலீசுக்கு ஆள் போவதற்குள் அத்வாவை ஷேக்கின் கூடாரத்துக்கு இழுத்துப் போனார்கள். அவனுக்கு முன்னாலேயே ஃபராஜ் அனுப்பிய இரண்டு கிடாக்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன.

உச்சி வெயில். அத்வாவோ நோன்பென்றால் எச்சிலைக்கூட யோசித்து விழுங்குகிறவன். ஷேக் குவளையை நீட்டினார்.

"தண்ணி குடி."

"நோன்பு, ஷேக். பொழுது சாயட்டும். நோன்பு திறந்துட்டு நக்கறேன்."

"பாத்தீங்களா, நேரம் கடத்தறான்!" என்றான் ஃபராஜ்.

ஷேக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்துக்குச் சொன்னார்: "குத்தம் பண்ணவன் தொண்டையில தண்ணி இறங்காது."

"ஆமா, ஆமா!" என்றது கூட்டம். அந்தக் கூட்டம் மொத்தமும் அன்றைக்கு நோன்பு. அவர்கள் தொண்டையிலும் காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. அது வேறு கணக்காம்!

அத்வா நக்கினான். காய்ந்த நாக்கு இரும்பில் ஒட்டிக்கொண்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் மனைவி ஸப்ஹா போட்ட கூச்சல் கால்வாய்க்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். முசல்லம் தோப்பில் வேலை செய்த நான்கு பேரையும் அன்று மாலை, நோன்பு திறந்து புளிப்பானகம் குடித்த பிறகு நக்கவைத்தார்கள். நான்கு பேரும் பத்தரைமாற்றுத் தங்கம்!

பிறகு போலீஸ் வந்தது. "நீதான் கொன்னியா?" என்று கேட்டது. வெந்த நாக்கு என்ன பேசும்? மௌனம் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். பிரேதப் பரிசோதனை செய்த வட்டார மருத்துவர், "நெருப்பே சொல்லிடுச்சாமே?" என்று விசாரித்துக்கொண்டேதான் கத்தியை எடுத்தார். முதுகைப் பார்த்தார், பலத்த அடி என்றார். இதயத்தை எடுத்து ஜாடியில் போட்டு மூடினார். அதை அறுத்துப் பார்க்கவில்லை. விடை தெரிந்த கணக்கை யாராவது போட்டுப் பார்ப்பார்களா?

நீதிமன்றம் நெருப்பை நம்புமா? சேச்சே, சட்டம் படித்தவர்கள்! நெருப்பை நம்பிய மருத்துவரை நம்பினார்கள். அத்வாவுக்குத் தூக்கு.

ஸப்ஹா விடவில்லை. கெய்ரோவுக்கும் ஊருக்குமாக நடையாய் நடந்தாள். கடைசியில் மேல்நீதிமன்றம், "இத்தனை அடி அடித்தும் ஓர் எலும்புகூட உடையவில்லையே, அது எப்படி?" என்று கேட்டது. ஆதாரங்களை மறுபடி பார்த்துச் சொல்லும்படி இரண்டு தடயவியல் மருத்துவர்களை அனுப்பியது. அவர்களுக்கு வண்டி என்னுடையது.

டாக்டர் இக்லாஸ் ஒல்லியான பெண்மணி, பேச்சில் மிளகாய். டாக்டர் கப்ரா பெரியவர், பெருத்தவர். அவர் கையில் எந்நேரமும் அவரைமசியல் வைத்த ரொட்டி.

"பொணம் பாக்கறவங்களுக்குப் பசிக்குமா சார்?" என்று கேட்டேன்.

"பொணத்துக்குத்தான்யா பசிக்காது" என்றார்.

வண்டியில் டாக்டரம்மா புகைப்படங்களை மடியில் பரப்பினார். ஒன்றை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் வண்டியை ஓரங்கட்டினேன்.

"முதுகெல்லாம் கருநீலமா? சரி. தோள்பட்டை ரெண்டும் வெள்ளையா இருக்கு, பாருங்க. பிட்டம் வெள்ளை. குதிகால் வெள்ளை. அடிச்சவன் இந்த இடத்தை எல்லாம் அளந்து விட்டுட்டா அடிச்சான்?"

"கோவத்துல அடிக்கறவன் அளப்பானாம்மா?"

"எவனும் அடிக்கலய்யா. உயிர் போனா ரத்த ஓட்டம் நின்னுடும். நின்ன ரத்தம் தண்ணி மாதிரி பள்ளம் பாத்து இறங்கும். மல்லாந்து கெடந்தா முதுகுல தேங்கும். தரையில அழுந்தின இடத்துல தேங்க முடியாது, அதான் அங்க வெளுப்பு. மல்லாந்து செத்த எல்லாருக்கும் இதே முதுகுதான். உங்களுக்கும் இதுதான், எனக்கும் இதுதான்."

எனக்கு முதுகு குறுகுறுத்தது. ஆனாலும் அன்றுதான் முதன்முறையாக ஒருவர் எனக்கு ஒரு விஷயத்தைக் காட்டிவிட்டு நம்பச் சொன்னார். அதுவரை எல்லோரும் நம்பச் சொல்லிவிட்டுத்தான் காட்டினார்கள்.

மாவட்ட ஆஸ்பத்திரிக் கிடங்கில் அந்த ஜாடி தூசி படிந்து இருந்ததாம். இதயத்தை அறுத்துப் பார்த்தால், ரத்தக்குழாய் உறைந்த ரத்தத்தால் அடைத்துக் கிடக்கிறது. பழைய அடைப்பின் தழும்பு வேறு.

"மூணு வருஷமா ஜாடிக்குள்ள உக்காந்து, மாரடைப்பு மாரடைப்புன்னு கத்திக்கிட்டிருக்குய்யா" என்றார் டாக்டர் கப்ரா. "மூடியைத் தொறக்க ஒரு நாதியில்ல!"

விஷயம் ஊருக்குள் வந்தது. ஸப்ஹா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"டாக்டரம்மா, நீங்க எழுதறது ஜெயில் கதவைத் தொறக்கும். தொறந்தா வெளியில ஃபராஜ் துப்பாக்கியோட நிப்பாரே! அவருக்கு நெருப்பு சொன்னதுதான் வேதம்."

ஃபராஜும் ஒளிக்கவில்லை. டீக்கடையில் எல்லோர் முன்னிலும் சொன்னான்: "கோர்ட்டு ஆயிரம் சொல்லட்டும். நெருப்பு கைக்கூலி வாங்காது. அத்வா ஊருக்குள்ள கால் வெச்சா அன்னைக்கே அவனுக்குக் கபருக்குழி."

டாக்டரம்மா புகைப்படங்களை உறையில் போட்டு மூடினார். பிறகு, "செத்தவரைப் பரிசோதிச்சாச்சு. நெருப்பையும் பரிசோதிச்சிடலாம் சார்" என்றார்.

"அது நம்ம வேலை இல்லம்மா."

"உசிரோட இருக்கறவன் நம்ம மேஜைக்கு வராம பாத்துக்கறது யார் வேலை சார்?"

டாக்டர் கப்ரா ரொட்டியைக் கீழே வைத்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. ஷேக்குக்கு வாயெல்லாம் பல். "கெய்ரோ டாக்டரே நம்ம நெருப்பைத் தேடி வந்துட்டாங்க!" என்று கையை உயர்த்தினார்.

"ஒரு சந்தேகம் ஷேக்" என்றார் டாக்டரம்மா. "பொய் சொன்னா சுடும், உண்மை சொன்னா சுடாது. அப்படித்தானே?"

"அல்லா மேல ஆணையா!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டோம், கேட்டோம்!"

பழுத்த கரண்டி வெளியே வந்தது. டாக்டரம்மா விரலை நனைத்து அதன்மேல் இரண்டு சொட்டுத் தெளித்தார். சொட்டுகள் ஒட்டாமல் உருண்டு ஓடின.

"ரொட்டி சுடற கல்லுல இதைப் பாத்ததில்லையா?"

"தினம் பாக்கறோமே!" என்றாள் உம்மு பயூமி.

"ஈரம் ஆவியாகி நடுவுல மெத்தை மாதிரி நிக்குது, அதான் சொட்டு இரும்புல ஒட்டல."

டாக்டரம்மா ஒரு குவளைத் தண்ணீரை முழுதாகக் குடித்தார். பிறகு உரக்கச் சொன்னார்: "முசல்லமைக் கொன்னது நான்தான். என் பேரு ஷேக் சுவைலிம். இந்தத் தாடியும் என்னோடதுதான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நாக்கு இரும்பைத் தொட்டு மீண்டது. டாக்டர் கப்ரா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரம் காத்திருந்து நாக்கை நீட்டிக் காட்டினார் டாக்டரம்மா. ரோஜா நிறம். ஒரு கொப்புளம் இல்லை.

"அண்டப்புளுகு மூணு. நெருப்புக்குக் காது கேக்கலியா ஷேக்?"

ஷேக் லேசுப்பட்டவரா? "விருந்தாளியை நெருப்பு சுடாது!" என்றார்.

"அப்ப வீட்டுக்காரர் நீங்க வாங்க. தண்ணி வேணாம். இந்தத் துணியால நாக்கை நல்லாத் துடைச்சுக்குங்க. 'என் பேரு சுவைலிம்'னு உண்மையைச் சொல்லிட்டு நக்குங்க."

ஷேக் துணியைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். "இன்னைக்கு நெருப்புக்கு மனசு சரியில்ல" என்றார்.

"ஏன் ஷேக், உங்க பேரு சுவைலிம் இல்லியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பேரே களவாடின பேரோ என்னமோ!" என்றாள் உம்மு பயூமி.

அப்போது ஃபராஜ் எழுந்து வந்தான். கரண்டியை வாங்கி ஷேக்கின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"நக்குங்க ஷேக். உங்களை நம்பி மூணு வருஷமா ஒருத்தனைக் கொல்லக் காத்துக்கிட்டிருக்கேன். உங்க பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை நக்குங்க."

ஷேக்கின் கை தானாகத் தண்ணீர்க் குவளைப் பக்கம் போனது. ஃபராஜ் குவளையை எட்டி உதைத்தான்.

"சுடும்யா!" என்று கத்தினார் ஷேக். "காஞ்ச நாக்குல வெச்சா எவனுக்கும் சுடும்யா!"

முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"அப்ப அத்வாவுக்கு?" என்றான் ஃபராஜ்.

ஷேக் கூடாரத்தின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் போனவர்தான். காணிக்கையாக வந்த கிடாக்கள் எதுவும் வழியனுப்பவில்லை. எல்லாவற்றையும் எப்போதோ தின்று தீர்த்திருந்தார்.

அதற்குப் பிறகாவது ஊருக்குப் புத்தி வந்ததா என்கிறீர்களா? கேளுங்கள் கூத்தை. டாக்டரம்மா வண்டி ஏறுவதற்குள் ஐம்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"நெருப்பை ஜெயிச்ச நாக்கு! அம்மா, இந்தத் தண்ணியில ஊதிக் குடுங்கம்மா, புள்ளைக்குக் காய்ச்சல்!"

"காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் டாக்டரம்மா.

"வண்டியை எடுய்யா, சீக்கிரம்!" என்றார் டாக்டர் கப்ரா. "இன்னும் கொஞ்ச நேரம் நின்னா இந்தம்மாவுக்கு இங்கயே தர்கா கட்டிருவாங்க."

மறுவிசாரணையில் அத்வா விடுதலையானான். ஊருக்கு என் வண்டியில்தான் வந்தான், பக்கத்தில் ஸப்ஹா. நிறுத்தத்தில் ஊரே நின்றது. ஃபராஜ் துப்பாக்கி இல்லாமல் வந்திருந்தான். அத்வாவின் தோளைத் தொட்டு, "நெருப்பு சொல்லிச்சேன்னு நம்பிட்டேன்டா. டாக்டருங்க சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது" என்று அழுதான். ஆளாளுக்கு அதையே சொன்னார்கள்.

அத்வாவின் நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. சொற்கள் குழறி, மெதுவாகத்தான் வந்தன. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

"நெருப்பைக் கேட்டீங்க. செத்தவர் முதுகைக் கேட்டீங்க. ஜாடியைக்கூடக் கேட்டீங்க. அந்த ராத்திரி நீ எங்கடா இருந்தேன்னு என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லார் நாக்கும் நல்ல ஈரமாகத்தான் இருந்தது.

நெருப்புக்கு ரொட்டி சுடத் தெரியும், காப்பிக்கொட்டை வறுக்கத் தெரியும். கேள்வி கேட்கத் தெரியாது. அது நம் வேலை. கழுத்துக்கு மேலே ஒன்றைச் சுமந்துகொண்டு திரிகிறோமே, அது தலைப்பாகை கட்டுவதற்கு மட்டும்தானா? யோசியுங்களய்யா, அடுத்தவன் நாக்கு வேகுமுன் யோசியுங்கள்!