பேரில்லாத லென்சும் பெருத்துப்போன மெர்ஸியும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணு. பட்டணம் போய் ஒரு லென்சு வாங்கினு வரணும்.

செங்கல்பட்டு பஜார்ல அப்போ என் போட்டோ ஸ்டுடியோ. ஸ்டுடியோன்னதும் பெருசா நினைச்சிக்காதீங்க. முன்னாடி ஒரு கதவு, பின்னாடி ஒரு சுவரு, நடுவுல நானும், மூணு கால் ஸ்டாண்டுல என் பெட்டி கேமராவும். ரெண்டு பேர் வந்தா எடுக்கலாம். குடும்பமா வந்தா போச்சு!

எல்லாரும் படத்துல அடங்கணுமேன்னு பின்னாடியே நகர்ந்து நகர்ந்து, ஒரு தரம் வாசப்படி தாண்டி சாக்கடையில வுழுந்தேன். தலையில போட்ட கறுப்புத் துணியோட! உள்ள நின்ன பத்து பேரும் அசையாமலே சிரிச்சாங்க. அசையக் கூடாதுன்னு நான்தானே சொல்லியிருந்தேன்!

கிட்ட நின்னே அகலமா புடிக்க வைடு ஆங்கிள் லென்சுன்னு ஒண்ணு கீதுன்னு கேள்விப்பட்டேன். ரயிலேறிட்டேன்.

பட்டணத்துல ஒரு சந்துக்குள்ள கேமரா சாமான் கடை. கடைக்கார பாய் ரெண்டு லென்ச எடுத்து மேசமேல வெச்சாரு.

"இது உங்க கேமரா கம்பெனியோட லென்சு. யான வெல. இது வேற கம்பெனி மால். இதுவும் உங்க பெட்டியில மாட்டும். வெல பாதிக்கும் கீழ."

ரெண்டாவத திருப்பித் திருப்பிப் பாத்தேன். "எந்த கம்பெனி பாய்? பேரே இல்லியே?"

"பேரா சார் போட்டோ எடுக்கப் போவுது?"

நியாயந்தானே!

"ஒரு விசயம் சார். இதுல ஓரத்துல நிக்கிறவங்க கொஞ்சம் அகலமா வருவாங்க."

"அதெல்லாம் நமக்குத் தெரியும் பாய்."

ஒரு மண்ணும் தெரியாது!

லென்ச வாங்கினு வந்ததும் மொத கிராக்கி ஞானமுத்து வாத்தியாரு. மிஷன் பள்ளிக்கூடம். அவரு, சம்சாரம், அஞ்சு பொண்ணுங்க, மச்சான் குடும்பம் எல்லாம் சேர்ந்து பதினோரு பேரு. மகாபலிபுரத்துல, கடக்கர கோயிலு பின்னாடி தெரியற மாதிரி எடுக்கணுமாம்.

"பெரியவ மெர்ஸிக்கு மதுராந்தகத்துலேர்ந்து ஒரு வரன் வந்துகீது தம்பி. மாப்பிள்ளைக்கு ரயில்வேல வேல. பொண்ணு போட்டோ கேட்டிருக்காங்க."

"அப்போ மெர்ஸிய தனியா ஒண்ணு எடுத்துடலாம் சார்."

"வேணாம். குடும்பத்தோட எடு. எங்க எல்லாரையும் பாத்தாப்ல இருக்கும்."

மணல்ல எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சேன். மெர்ஸி ஒல்லியான பொண்ணு. கூச்சத்துல கடைசியில போய் நின்னுகினா.

"நடுவுல வாம்மா."

"இங்கயே நிக்கிறேண்ணே."

சரின்னுட்டேன். கறுப்புத் துணிக்குள்ள தலைய வுட்டா, பதினோரு பேரும் அடங்கிட்டாங்க! கோயிலும் அடங்கிச்சி! கடல்கூட கொஞ்சம் வந்திச்சி! இதுக்கப்புறம் நான் யாரப் பாப்பேன்? பட்டுனு எடுத்துட்டேன்.

இருட்டு ரூம்ல படம் மெதுவா தெளிஞ்சிது. நடுவுல வாத்தியாரு வாத்தியாராவே இருந்தாரு. ஓரத்துல மெர்ஸி, ரெண்டு மெர்ஸியா இருந்தா!

கன்னம் பூரி மாதிரி. தோள் ரெண்டும் பயில்வான் தோள்.

யோக்கியனா இருந்தா இன்னொரு தரம் எடுத்துத் தந்திருப்பான். நான் படத்த ஒரு நல்ல கவர்ல போட்டுக் குடுத்தேன்.

வாத்தியார் சம்சாரம் ரொம்ப நேரம் பாத்தாங்க. "ஏம்ப்பா, எங்க மெர்ஸி இப்டியா இருக்கா?"

"கடக்காத்துங்க. பொடவ உப்பிடுச்சு."

"கன்னங்கூடவா உப்பும்?"

"உப்புக் காத்தாச்சுங்களே!"

நம்பிட்டாங்க. படம் மதுராந்தகம் போச்சு. அந்தம்மாவுக்கு, அதான் மாப்பிள்ளையோட அம்மாவுக்கு, படத்தப் பாத்ததும் ஒரே சந்தோசமாம். 'நல்லா வாட்டசாட்டமா இருக்கா, உடனே வர்றோம்'னு கடுதாசி போட்டாங்களாம். கேட்டு எனக்கும் சந்தோசம்தான்.

ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்ச நேரம். வாத்தியாரே சைக்கிள்ல வேர்த்து விறுவிறுத்து வந்தாரு.

"உன் பெட்டிய எடுத்துகினு வா."

என்னையும் பெட்டியையும் கேரியர்ல ஏத்திகினு மிதிச்சாரு.

பொண்ணு பாக்க மகனோட வந்த அந்தம்மா, வாத்தியாரு வூட்டு வாசல்ல நின்னுகினு சத்தம் போடறாங்க. கையில என் போட்டோ. "இந்தப் பொண்ணு இல்ல! போட்டோவுல கீற பொண்ணக் கூட்டினு வாங்க! ஒருத்தியக் காட்டி இன்னொருத்திய தலையில கட்டப் பாக்கறீங்களா?"

முப்பது வருசமா பசங்களுக்கு 'பொய் சொல்லாதே'ன்னு சொல்லிக் குடுத்த மனுசன் தல குனிஞ்சி நின்னாரு. தெருவே வேடிக்க பாக்குது. எனக்கு அப்பதான் நெஜமாவே ஒடம்பு கூசிச்சி.

"தப்பு என்னுதுங்கம்மா. லென்சுதான் பொண்ண அகலமாக்கிடுச்சு."

"லென்சு கன்னத்த உப்ப வெக்குதா? யாருக்கு காது குத்தற?"

வேற வழி? வாசல்லயே ஸ்டாண்ட நிறுத்தினேன். எல்லாரும் வரிசையா நின்னாங்க, மெர்ஸி அதே மாதிரி ஓரத்துல. அந்தம்மாவ கறுப்புத் துணிக்குள்ள தலைய வுட்டுப் பாக்கச் சொன்னேன்.

"ஐயையோ! எல்லாரும் தலகீழா தொங்கறாங்க!"

"அது அப்டிதாங்கம்மா தெரியும்."

"நேரா ஒண்ணுமே காட்டாதா இந்தப் பெட்டி?... ஏய்! இவதான்! இந்தப் பொண்ணுதான்! எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?"

தலைய வெளிய எடுத்துப் பாத்தா, ஒல்லி மெர்ஸி. உள்ள வுட்டா, குண்டு மெர்ஸி. மூணு தரம் வெளிய, மூணு தரம் உள்ள. கொண்டயே அவுந்துடுச்சு.

"மெர்ஸி, மெதுவா நடந்து நடுவுக்கு வாம்மா"ன்னேன்.

துணிக்குள்ளேர்ந்து சத்தம்: "அடப்பாவி, கரையறாளே!"

வெளிய வந்து தொப்புனு நாற்காலியில உக்காந்தாங்க. "பொய் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா எங்களுக்குப் புடிச்சது அந்தப் பொண்ணாச்சே!"

நான் சும்மா இருந்திருக்கலாம். "அதுக்கென்னங்கம்மா, கல்யாணத்துக்கப்புறம் ஓரமாவே நிக்க வெச்சிக்கலாம்"ன்னேன்.

வாத்தியார் பாத்தாரு பாருங்க ஒரு பார்வ!

அதுவரைக்கும் வாயத் தொறக்காத மாப்பிள்ள எழுந்தாரு. "நானும் ஒரு தரம் பாக்கறேம்மா."

துணிக்குள்ள போனாரு. போனவரு போனவருதான்! அந்தக் காலத்துல பொண்ணு பாக்கறதுன்னா, காபி வாங்கும்போது அரக்கண்ணால ஒரு பார்வ, அவ்ளோதான். இவருக்கு தலைக்கு மேல துணி, எதிர்ல மெர்ஸி. யாரு கேக்கறது? மெர்ஸி தலையத் தூக்கி லென்ச நேரா பாத்தா. குனியவே இல்ல.

"டேய், இன்னாடா பண்ற உள்ள?"

"இன்னும் சரியாத் தெரியலம்மா."

பட்டப்பகலு. பளிச்சுனு தெரியும். சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். மெர்ஸி என்னை ஒரு மொற மொறச்சா. மூடிகினேன்.

தலையெல்லாம் கலஞ்சி வெளிய வந்தாரு. "எனக்குப் புடிச்சிருக்கும்மா. நேரா பாத்தாலும் சரி, தலகீழா பாத்தாலும் சரி."

அந்தம்மா மகனப் பாத்தாங்க, மெர்ஸியப் பாத்தாங்க, "ஒழுங்கா சோறு போட்டா தானா தேறிடுவா"ன்னாங்க. முடிஞ்சுது. எல்லாருக்கும் கேசரி வந்திச்சி. எனக்கும் ஒரு தட்டு, கடைசியா.

கல்யாணத்துக்கு போட்டோ எடுக்க காஞ்சிபுரத்துலேர்ந்து வேற ஆள ஏற்பாடு பண்ணிட்டாங்க. பத்திரிக மட்டும் எனக்கும் வந்திச்சி. கீழ வாத்தியாரு கைப்பட ஒரு வரி எழுதியிருந்தாரு:

'வெறும் கையோடு வரவும்.'